மாஸ்கோவில் ஒரு பொம்மலாட்டக்காரர்

உலகத்திலே சேகரிக்கும் பைத்தியம் பலவகைப்படும். தபால் தலை சேர்ப்பவர்கள் உண்டு. பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. கைத்தடி சேர்ப்பவர்களும், பொடி டப்பி சேர்ப்பவர்களுங்கூட உண்டு. இவர்களால் வீட்டில் இடம் அடைபடுகிறதே என்று இல்லத்தரசிக்கு ஏற்படும் கவலையைத் தவிர, வேறு பெரிய கெடுதல் எதுவும் விளைவதில்லை. அலமாரிக்குள் போன நாணயம், "ஐயோ! என்னைக் கடைத்தெருவில் செலவு செய்யாமல் அடைத்து வைத்துவிட்டார்களே!" என்று கண்ணீர் விடப் போவதில்லை.

ஆனால் ஆட்டப் பொம்மைகளைச் சேகரிப்பது அப்படிப்பட்ட காரியம் அன்று. கொலுப்படியில் வைத்த செட்டியார் பொம்மை அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் அதற்கு அழகு. பொம்மலாட்டப் பொம்மையோ ஆடுவதற்கென்றே பிறந்தது. ஆட்டும் கை விலகிவிட்டால் அது வெறும் மரமும் துணியுந்தான். இந்த உண்மையைப் பொம்மலாட்டக்காரரைக் காட்டிலும் நன்றாய் அறிந்தவர் யார்? அப்படியிருக்க, பொம்மலாட்டமே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் வாழ்நாளெல்லாம் பொம்மைகளைத் தேடிச் சேர்த்துக் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கி வைத்தார் என்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் அல்லவா? அந்தக் காரணத்தை அறிவதற்காக, ஸெர்கேய் ஒப்ராஸ்த்ஸோவ் என்னும் ருஷ்யக் கலைஞரின் வாழ்க்கையைச் சிறிது பார்க்கலாம். பெயரைச் சொல்ல நாக்கு கொஞ்சம் சிரமப்படும். மனிதரோ வெகு சுலபமாகப் பழகக் கூடியவர்.

ஒப்ராஸ்த்ஸோவ் 1901-ம் வருஷம் மாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனார் ரயில்வே என்ஜினீயர்; பிற்காலத்தில் பெரிய விஞ்ஞானி என்று பெயர் பெற்றவர். தாயார் ஒரு நாள் குழந்தைக்குச் சிறு பொம்மை ஒன்று கொடுத்தார். அதற்குப் 'பிபாபோ' என்று பெயர். தலை ஒன்று, அதன் கீழே தொளதொளவென்று ஒரு சட்டை, அவ்வளவுதான் பொம்மை. உடம்பு, எலும்பு, சதை எல்லாம் நம்முடைய கைதான். ஆள்காட்டி விரலைத் தலைக்குள் நுழைத்து, கட்டை விரலையும் நடுவிரலையும் சட்டையின் இரு கைகளில் செலுத்திவிட்டால், அதுவரை துணி மூட்டையாய்க் கிடந்தது தலையாட்டும், கை தட்டும், மூக்கைச் சொறியும், வெட்கப்பட்டு முகத்தை மூடிக் கொள்ளும். சிறுவன் ஸெர்கேய் இந்தத் தோழனைத் தன் மேலங்கியின் கைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு மாஸ்கோ வீதிகளில் போவானாம். பிபாபோ அவ்வப்போது தலையை நீட்டி வெளியே எட்டிப் பார்ப்பானாம்.

ஆனால் அந்தக் குழந்தை பெரியவனானதும் பொம்மலாட்டக்காரனாகிவிடவில்லை. முதலில் சித்திரக்காரனாக வேண்டுமென்று ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு 1922-ல், மாஸ்கோ ஆர்ட் தியேட்டரை ஸ்தாபித்த இருவரில் ஒருவரான நெமிரோவிச்-தான்சென்கோவின் சங்கீத நாடகக் குழுவில் நடிகராய்ச் சேர்ந்தார். 1925-ல் அந்தக் குழுவுடன் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். பகலில் சித்திரம், இரவில் நாடகம். இரண்டுக்கும் நடுவே சிநேகிதர்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொம்மை. சித்திரம் எழுதத் தெரியும், பாடத் தெரியும், நடிக்கத் தெரியும். இந்த மூன்றும் ஒன்று சேரும் இடம் பொம்மலாட்டமே என்பது அவருக்கு மெள்ள மெள்ளத்தான் விளங்கிற்று. விளையாட்டாய் வந்தது வாழ்க்கைத் தொழிலாகிவிட்டது.

அவருடைய தனிக் கச்சேரிகள் விசித்திரமானவை. மனைவி ஓல்கா பியானோ வாசிப்பார், இவர் பாடுவார், பொம்மை ஆடும். 'தியாப்பா' என்ற குழந்தைப் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, முஸோர்க்ஸ்கி இயற்றிய தாலாட்டை வெகு உருக்கமாகப் பாடுவார். குழந்தையோ லேசில் தூங்குவதாயில்லை. தூங்காத குழந்தையுடன் அகப்பட்டுக்கொண்ட தகப்பன்மார் எந்தத் தேசத்திலும் ஒரே மாதிரிதான் என்பதை, அந்தக் காட்சியைப் பார்த்த எந்தத் தேசத்தவரும் ஒப்புக்கொண்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பாடுகிறவர் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை. குழந்தையின் அசைவெல்லாம் அவருடைய விரல்களின் அசைவுதான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், ஜனங்கள் அவரை மறந்துவிட்டுக் குழந்தையையே பார்ப்பார்கள்!

இதையும் மிஞ்சிய இன்னொரு காட்சி உண்டு. சைக்காவ்ஸ்கியின் காதல் கீதம் ஒன்றை அவர் பாடும்போது பொம்மை என்று சொல்வதற்கே ஒன்றும் இராது. இரண்டு கைகள், விரல் நுனியில் தலைக்குப் பதிலாக ஆளுக்கொரு மர உருண்டை. ஆடை கிடையாது, அலங்காரம் கிடையாது. ஆயினும் அந்த இரண்டு உருண்டைகளும் ஒன்றை ஒன்று நெருங்கி, நாணி, விலகி நிற்கும்போது, அங்கே ஓர் ஆணும் பெண்ணும் இருக்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் உண்டாவதில்லை.

'மனிதனாக நடிக்க மனிதனே இருக்கும்போது பொம்மை எதற்கு?' என்று கேட்கத் தோன்றும். ஒப்ராஸ்த்ஸோவ் இந்தக் கேள்வியைப் பற்றி வெகுவாய்ச் சிந்தித்தவர். தம் தொழிலைப் பற்றிப் புத்தகங்களும் எழுதியிருக்கிறார். அவருடைய கருத்தின் சாரம் இது: நடிகர் ஒருவர் மேடைக்கு வந்தால், அவர் ஒரு குறிப்பிட்ட மனிதராகத்தான் காட்சியளிக்க முடியும், ஏனெனில் அவரே ஒரு மனிதர். பொம்மையோ மனிதன் அல்ல. ஆகையினாலேயே மனித வர்க்கம் முழுவதற்கும் பிரதிநிதியாக நிற்க அதனால் முடிகிறது. தற்பெருமைக்காரர் ஒருவரை நடிகர் காட்டலாம். தற்பெருமை என்பதையே எடுத்துக் காட்டப் பொம்மையினால்தான் முடியும்.

1931-ம் வருஷம் மாஸ்கோவில் அரசாங்க மத்திய பொம்மை நாடகசாலை ஆரம்பிக்கப்பட்டது. தலைமைப் பொறுப்பு ஒப்ராஸ்த்ஸோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது முப்பது. 1992-ல் காலமாகும் வரையில் அந்த ஸ்தாபனத்தை அவர் விடவில்லை. அதுவும் அவரை விடவில்லை.

புது நாடகசாலையில் சேர்ந்தவர்களில் இவான் ஸைத்ஸெவ் என்னும் முதியவர் ஒருவர் இருந்தார். இவர் கல்லூரியில் படித்தவர் அல்ல; சந்தைகளிலும் திருவிழாக்களிலும் 'பெட்ருஷ்கா' ஆட்டம் ஆடிப் பிழைத்த பழைய தலைமுறைக் கலைஞர். பெட்ருஷ்கா என்பவன் ருஷ்யப் பொம்மலாட்டத்தின் கோமாளி. நீண்ட மூக்கு, சிவப்புச் சட்டை, கையில் தடி. வைத்தியனை அடிப்பான், போலீஸ்காரனையும் அடிப்பான், கூடி நிற்கும் ஏழை ஜனங்கள் ஆரவாரம் செய்வார்கள். அவனுடைய கீச்சுக்குரல் மனிதத் தொண்டையிலிருந்து நேரே வருவது அல்ல. இரண்டு சிறு தகடுகளுக்கு நடுவே நாடாவை இழுத்துக் கட்டிய கருவி ஒன்றை ஆட்டக்காரர் வாய்க்குள் அடக்கிக்கொண்டு பேசுவார். மற்றப் பாத்திரங்கள் பேசும்போது அதை நாக்கினால் ஒதுக்கிக்கொண்டு சொந்தக் குரலில் பேச வேண்டும். கொஞ்சம் ஏமாந்தால் கருவி வயிற்றுக்குள் போய்விடும்! நமது ராஜஸ்தானத்துக் கட்புத்லிக் கலைஞர்களும் மூங்கிலால் செய்த இதைப் போன்ற கருவியொன்றை வாயில் வைத்துக்கொண்டுதான் பொம்மைகளைப் பேச வைக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வித்தையை எந்தப் புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொள்வது? ஸைத்ஸெவ் போன்றவர்கள் கண்ணை மூடிவிட்டால், கூடவே கலையும் போய்விடும். அவர்களுடைய பொம்மைகளுக்கும் அடுப்போ குப்பை மேடோதான் கதி. இந்த அபாயத்தை ஒப்ராஸ்த்ஸோவ் கண்ணெதிரே பார்த்தார். 1937-ல் நாடகசாலையோடு சேர்ந்தாற்போல் ஒரு பொம்மைக் காட்சிச் சாலையும் ஸ்தாபிக்கப்பட்டது. ஸைத்ஸெவின் பொம்மைகள் அங்கே இடம் பெற்றன. நாளடைவில் உலகத்தின் பல தேசங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான பொம்மைகள் வந்து சேர்ந்து, இத்துறையில் உலகிலேயே பெரிய காட்சிச் சாலைகளில் ஒன்றாக அது வளர்ந்துவிட்டது.

பொம்மையைச் சேகரிப்பதனால் ஆட்டக்காரனுக்கு என்ன லாபம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். ஜாவாத் தீவில் 'வாயாங் கோலேக்' என்ற மரப்பொம்மை ஆட்டம் உண்டு. அங்கே கயிறு கிடையாது. பொம்மையின் நடுவே ஒரு கோல் சென்று தலையைத் தாங்குகிறது. இரு கைகளிலும் மெல்லிய குச்சிகள். ஆட்டுகிறவர் கீழே இருந்துகொண்டு பொம்மையை ஆட்டுவார். ராமாயண மகாபாரதக் கதைகளை ஜாவா மக்கள் அனுபவிக்கும் வழிகளில் இது ஒன்று. மாஸ்கோவில் ஏஃபீமோவ் தம்பதிகள் என்னும் கலைஞர் இருவர் இந்தக் கோல் முறையைக் கையாண்டு ருஷ்ய நாடகத்துக்குத் தக்க பொம்மைகளைச் செய்தார்கள். அவர்கள் காட்டிய வழியை ஒப்ராஸ்த்ஸோவ் தம் பெரிய அரங்குக்கு ஏற்றுக்கொண்டார். 1940-ல் அரங்கேறிய 'அலாதீனின் அற்புத விளக்கு' நாடகத்தில் கோல் பொம்மைகள் கம்பீரமாய்க் கையை வீசி, நிதானமாய்த் தலை வணங்கின. விரலில் மாட்டும் சிறு பொம்மையால் இந்தக் கம்பீரம் முடியாது; அதற்குத் துள்ளவும் அடிக்கவுந்தான் தெரியும். அர்ச்சுனனையும் ராமனையும் ஆட்டுவதற்காகக் கீழ்த்திசையில் பிறந்த கோல், மாஸ்கோவில் அராபியக் கதைக்கு உயிர் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பொம்மலாட்டத்தில் சூத்திரதாரி யார் என்பது எப்போதும் முக்கியமான கேள்வி. ஒப்ராஸ்த்ஸோவின் நாடகசாலையை நடத்தியது ஸோவியத் சர்க்கார். கட்டிடம், ஆர்க்கெஸ்ட்ரா, தொழிற்கூடம், சம்பளம் எல்லாம் சர்க்கார் உபயம். அதே சர்க்கார்தான் மெயர்ஹோல்ட் என்னும் மாபெரும் நாடக மேதையின் அரங்கத்தை 1938-ல் மூடிற்று. 1940-ல், அலாதீன் மேடையேறிய அதே வருஷத்தில், அவரைச் சுட்டுக் கொன்றது. ஒப்ராஸ்த்ஸோவுக்கு 1946-ல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. சந்தையில் பெட்ருஷ்கா போலீஸ்காரனை அடித்தான்; மாஸ்கோவின் பெரிய அரங்கில் பொம்மைகள் அசட்டுப் பாடகர்களையும் அறுவைப் பேச்சாளர்களையும் மட்டுமே அடித்தன. தடி சிறிதாகிவிட்டது என்று சொல்லலாம். ஆயினும், வாயைத் திறக்கவே ஜனங்கள் அஞ்சிய காலத்தில், போலித்தனத்தைக் கண்டு வாய்விட்டுச் சிரிக்க ஓர் இடம் இருந்தது என்பதும் சின்ன விஷயம் அல்ல.

அந்தச் சிரிப்பின் சிகரம் 1946-ல் மேடையேறிய 'சாதாரணக் கச்சேரி' என்னும் நிகழ்ச்சி. பிற்காலத்தில் 1968-ல் இதன் பெயர் 'அசாதாரணக் கச்சேரி' என்று மாறிற்று. கச்சேரி மேடைகளில் நாம் காணும் அத்தனை அபத்தங்களும் இதில் உண்டு. வாத்தியத்துடன் மல்யுத்தம் செய்யும் வித்வான், ஜிப்ஸிக் கோஷ்டி, சிங்கத்தைப் பழக்கும் வீரர் எல்லாரும் வருவார்கள். இவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்த அப்லோம்போவ் என்ற பொம்மைப் பிரமுகர் ஒருவர். சபைகளில் தலைமை வகிப்பவர்களை அறிந்த நம் வாசகர்களுக்கு இவரைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. பேசுவதற்கு விஷயம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குப் பேச்சு நீளும்!

அப்லோம்போவுக்குக் குரல் கொடுத்தவர் ஸினோவி கெர்த் என்னும் நடிகர். இவர் யுத்தத்தில் காலில் கடுமையாகக் காயமடைந்தவர். நொண்டும் காலுடன் மேடையில் கதாநாயகனாக நடப்பதெப்படி? ஆனால் பொம்மலாட்டத் திரைக்குப் பின்னால் நிற்பவருடைய கால் யார் கண்ணுக்கும் தெரியாது. 1945-ல் அவர் ஒப்ராஸ்த்ஸோவின் குழுவில் சேர்ந்தார். உலகத்தின் பல தேசங்களுக்கு அந்தக் குழு சென்றபோது, ஆங்காங்கு உள்ள பாஷையிலேயே அப்லோம்போவின் வசனங்களை நெட்டுருப் போட்டுப் பேசி, அந்த ஊர் ஜனங்களைத் திகைக்க வைத்தார். யுத்தம் ஒரு மனிதரிடமிருந்து பறித்துக்கொண்ட மேடையைப் பொம்மை திருப்பிக் கொடுத்தது.

ஒப்ராஸ்த்ஸோவ் எந்தத் தேசத்துக்குப் போனாலும் அங்குள்ள பொம்மலாட்டக்காரர்களைத் தேடிக்கொண்டு போய்விடுவார். 1950-களின் தொடக்கத்தில் சீனாவுக்குச் சென்று, அந்நாட்டு நாடகக் கலையையும் பொம்மலாட்டத்தையும் ஆராய்ந்து பெரிய புத்தகமே எழுதினார். காட்சிச் சாலைக்குச் சேர்த்தது போக, அவருடைய சொந்த வீடும் ஒரு காட்சிச் சாலையாக மாறிக்கொண்டு வந்தது. பொம்மைகள், பழைய விளையாட்டுச் சாமான்கள், சாவி கொடுத்தால் பாடும் பெட்டிகள், கைப்பிடியைச் சுழற்றினால் இசைக்கும் வாத்தியங்கள் ஆகியவையெல்லாம் அங்கே குடியேறின. போதாததற்குப் பிராணிகளிடத்திலும் அவருக்கு அளவற்ற பிரியம். தெருவில் கைவிடப்பட்ட நாய் பூனைகளுக்காக வாதாடி ஒரு சினிமாப் படமே எடுத்தார். மாஸ்கோவில் அவர் வசித்த அந்த வீடு அவர் காலத்துக்குப் பிறகு பொதுமக்கள் பார்க்கும் காட்சிச் சாலையாக்கப்பட்டது.

1970-ல் பொம்மை நாடகசாலைக்குப் புதிய கட்டிடம் எழும்பியது. அதன் முகப்பில் ஒரு பெரிய கடிகாரம். சுற்றிலும் பன்னிரண்டு சின்னஞ்சிறு வீடுகள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வீட்டின் கதவு திறந்து ஒரு பிராணி வெளியே வரும். பன்னிரண்டு மணிக்கு எல்லாக் கதவுகளும் ஒருங்கே திறக்கும். பதினொரு மணிக்கு வருவது ஓநாய். அந்நாளில் மதுபானக் கடைகளும் பதினொரு மணிக்கே திறக்கப்பட்டபடியால், மாஸ்கோவாசிகள் அந்த வேளைக்கு 'ஓநாய் மணி' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். மதுவிலக்குப் பிரசாரகர்களுக்கு இதைக் காட்டிலும் பொருத்தமான பொம்மை எங்கே கிடைக்கும்?

1976 முதல் 1984 வரை ஒப்ராஸ்த்ஸோவ் சர்வதேசப் பொம்மலாட்டச் சங்கத்தின் தலைவராயிருந்தார். 1992-ம் வருஷம், தொண்ணூறாவது வயதில் காலமானார். அவரைத் தாங்கி நின்ற ஸோவியத் ஆட்சி அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே மறைந்துவிட்டது. நாடகசாலையோ அவருடைய பெயரையே தாங்கித் தொடர்ந்து நடைபெற்று வருகிறது. சூத்திரதாரி போன பிறகும் ஆட்டம் நிற்கவில்லை.

இப்போது ஆரம்பத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். ஆடாத பொம்மை உயிரில்லாதது என்று அறிந்தவர் எதற்காக அவற்றைச் சேகரித்தார்? பொம்மையைப் பார்க்க வந்த நாம் முகத்தைப் பார்க்கிறோம். பட்டுச் சட்டையைப் பார்க்கிறோம். ஆட்டத் தெரிந்தவர் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே பார்ப்பார். விரல் நுழையும் துவாரம் எவ்வளவு ஆழம், கோல் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது, கழுத்து எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் கவனிப்பார். பெயர் தெரியாத ஒரு கலைஞரின் கை எப்படி அசைந்தது என்பது அந்தத் தேய்மானத்தில் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கும் வரையில் அந்தப் பொம்மையை இறந்துபோனதாகச் சொல்ல முடியாது. தூங்குகிறதென்றே சொல்ல வேண்டும். ஆகவேதான் ஒப்ராஸ்த்ஸோவின் காட்சிச் சாலை, நாடகசாலையோடு ஒட்டியே இருக்கிறது. ஒரு பக்கம் பழைய பொம்மைகள். இன்னொரு பக்கம் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் புதிய கைகள்.

புதிய கைகள் ருஷ்யக் கைகளாகவே இருக்க வேண்டுமென்ற நியதியும் இல்லை. 1962-ல் சுரேஷ் தத்தா என்னும் வங்காளி இளைஞர் மாஸ்கோவுக்குச் சென்று ஒப்ராஸ்த்ஸோவிடம் பயிற்சி பெற்றார். வங்காளக் கிராமங்களில் 'டாங்கேர் புதுல்' என்ற கோல் பொம்மை ஆட்டம் ஏற்கனவே உண்டு. மாஸ்கோவில் கற்ற வித்தையுடன் திரும்பி வந்த சுரேஷ் தத்தா, 1973-ல் கல்கத்தா பொம்மை நாடகக் குழுவை நிறுவினார். அந்தக் குழுவுக்குப் புகழ் தேடித் தந்த நாடகங்களில் ஒன்று எது தெரியுமா? 'அலாதீன்!' கீழ்த்திசையிலிருந்து மாஸ்கோவுக்குப் போன கோல், இவ்விதமாக ஊரைச் சுற்றிக்கொண்டு பாரத தேசத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்கள் ஊருக்குப் பொம்மலாட்டம் வந்தால், குழந்தைகளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துக் காட்டுவதுடன் நின்றுவிடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரரிடம் அனுமதி பெற்றுத் திரைக்குப் பின்னாலும் அழைத்துப் போங்கள். ஒரு பொம்மையைச் சிறிது நேரம் குழந்தையின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சின்ன விரல்கள் அங்கே என்ன செய்கின்றன என்று கவனியுங்கள்.